நீங்கள் வளர்த்த பிள்ளை வந்திருந்தான்

வுப்பர்டால்,
12 ஒக்ரோபர்

அன்பின் கலா அக்காவுக்கு,

பிளோறன்ஸ் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கவும், தம்பி நவரத்தினத்தின் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கவும் மாதாவை மன்றாடுகிறேன். நான் இங்கே சுகம். குளிர் தொடங்கிவிட்டது. ஹீற்றரைப் போடுவதா, இன்னும் ஒரு கிழமை பொறுப்பதா என்று தினமும் அதன் முன்னால் நின்று யோசிக்கிறேன். தனி ஆளுக்கு முழு வீட்டையும் சூடாக்க மனம் வருவதில்லை. இவர் இருந்தபோது இந்த யோசனையெல்லாம் அவருடையது.

ஆவணியில் கேவலார் மாதாவிடம் போய் வந்தேன். தமிழ்ச் சனம் நிறைய வந்திருந்தது. மகன் லக்ஸனும் வருவதாகச் சொல்லியிருந்தான், வேலை கூடிவிட்டதாம். ஸ்ருட்காட்டில் யூலியாவோடு நன்றாக இருக்கிறான். போட்டோ அனுப்புகிறான்.

ரெலிபோன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். நாங்கள் வேலை செய்த அந்த வீட்டைப் பற்றி வாயெடுத்தாலே நீங்கள் ரெலிபோனை வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் கோபம் வந்ததும் மடித்து வைத்துவிட்டு, ஆறினபிறகு மிச்சத்தை வாசிக்கலாம்.

கலா அக்கா, மிசாரி இங்கே வந்திருந்தான். நீங்கள் வளர்த்த மிசாரி.

நான் வேலை செய்கிற ஹோட்டல் டுசில்டோர்ப் பக்கம், றைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. போன மாதம் அமெரிக்காவுக்கும் நாங்கள் வேலை செய்த நாட்டுக்கும் அங்கேதான் பேச்சுவார்த்தை நடந்தது. பொருளாதார ஒத்துழைப்பு என்று ரெலிவிஷனில் சொன்னார்கள். துறைமுகம், எண்ணெய், கணினிகளை அடுக்கி வைக்கிற பெரிய கட்டடங்கள் என்று என்னென்னவோ விஷயங்கள். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனால் இறங்கிப் போனதாகிவிடுமோ என்னவோ, இரண்டு பேருக்கும் பொதுவாக ஜேர்மனி இடம் கொடுத்தது. ஹோட்டலில் வேறு விருந்தாளிகள் இல்லை. வாசலில் போலீஸ், ஆற்றில் போலீஸ் படகு. எங்களுடைய சப்பாத்தைக்கூடக் கழற்றிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள்.

எனக்கு அரபு தெரியும் என்பதால் எங்கள் மேற்பார்வைப் பெண் என்னைக் காலைச் சாப்பாட்டுப் பகுதியிலிருந்து மாற்றி, அந்த நாட்டு அதிகாரிகள் இளைப்பாறுகிற அறையில் கோப்பி, தேநீர் கொடுக்க விட்டாள். எல்லோருடைய கழுத்திலும் பெயர் அட்டை தொங்கியது. சீனியை நீட்டும்போது ஒரு அட்டை கண்ணில் பட்டது. மிசாரி, அடுத்தது அவன் தகப்பன், எங்கள் பாபாவின் பெயர், அடுத்தது அந்தக் குடும்பப் பெயர். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். பாபாவின் அதே புருவம். மெலிந்த உடம்பு, கண்ணாடி, கத்தரித்த தாடி. சின்னப் பிள்ளையாகக் கண்டவன், இப்போது முப்பதைத் தொடப் போகிறான். நன்றி சொல்லிக் கோப்பையை வாங்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன, நான் அந்த வீட்டுச் சமையலறைக்குள் இருந்தவள்தானே.

நான் யார் என்று சொல்லாமல் அடுத்த ஆளுக்குச் சீனியை நீட்டினேன். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒன்று. என்ன சொல்வது என்று தெரியாதது இன்னொன்று.

இனி எழுதுவது இங்கே பேப்பரிலும் வந்துவிட்டது, அதனால் எழுதலாம். ஒப்பந்தத்தில் அமெரிக்கர்கள் ஒரு பந்தியைச் சேர்த்திருந்தார்கள். வீட்டு வேலைக்கு வருகிற பெண்களின் பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர் வாங்கி வைக்கக் கூடாது, முன்கூட்டிச் சொல்லாமல் அவர்களை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்று. அமெரிக்கர்களுக்கும் அதில் பெரிய அக்கறை இல்லை, வேறொன்றை வாங்குவதற்காகவே அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அந்த அறையில் இவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். மிசாரியின் தலைவர் வயதானவர், நல்ல கம்பீரமான ஆள். அவர் மிசாரியிடம், “நீதான் அந்தப் பந்திக்குப் பொறுப்பு. அதை எடுத்துவிடு. எங்கள் வீட்டுக்குள் இருக்கிற பெண்கள் எங்கள் குடும்பத்து விஷயம், துறைமுகத்துக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். மிசாரி தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். நான் அவர்களுக்குப் பக்கத்தில் பேரீச்சம்பழம் அடுக்கிக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் கூட்டம் நடுவில் நின்றுபோனது. அமெரிக்கர்கள் எழுந்து போய்விட்டார்களாம். மிசாரி மட்டும் தனியாக வந்து ஜன்னலடியில் நின்றான். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ரெலிபோனைப் பார்த்தபடி வாங்கினவனுக்குக் கை தடுமாறி, கொதிக்கக் கொதிக்க மணிக்கட்டில் ஊற்றுப்பட்டது. அவன் கத்தினது என்ன தெரியுமா அக்கா? “ஐயோ அம்மா!”

தமிழில் கத்தினான் என்பது அவனுக்கே தெரியவில்லை. கையை உதறிக்கொண்டு நின்றான். என் வாயிலிருந்தும் நினையாமலே வந்துவிட்டது, “சுட்டுப்போட்டுதோ குஞ்சு?” என்று.

கை உதறுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். குஞ்சு என்று அவனைக் கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். அந்தச் சொல் எனக்கு எப்படித் தெரியும் என்று அரபில் கேட்டான். நான் உங்கள் வீட்டில் சமைத்த பிளோறா என்றேன். என்னை நினைவில்லை அவனுக்கு. நினைவிருப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தான், நல்ல பிள்ளை. ஆனால் அடுத்ததாகக் கேட்டது உங்களைத்தான். தமிழில் கேட்டான், உங்கள் குரலில் கேட்டதுபோலவே இருந்தது: “கலா எங்கை?”

மன்னாரில், அடம்பனில், தம்பி வீட்டில் சுகமாக இருக்கிறா என்றேன். கதிரையில் இருந்துவிட்டான். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். போகிற அவசரத்தில், காலையில் கூட்டத்துக்கு முன்பு ஆற்றுப் பக்க மாடத்துக்கு வர முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

போனேன். மேற்பார்வைப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லி, கேட்டுக்கொண்டுதான் போனேன். அவள் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள்.

மிசாரி அங்கே எனக்கு முன்பே வந்து நின்றான். அவன் கேட்டது ஒரே கேள்வி. கலா ஏன் என்னை விட்டுவிட்டுப் போனாள்? அன்று பள்ளிக்கூடத்தால் வந்து உங்கள் அறைக்குள் ஓடினானாம். கட்டிலில் விரிப்புக்கூட இல்லையாம். கலாவுக்கு ஊரில் கல்யாணம், ஆசைப்பட்டுப் போய்விட்டாள் என்று மேடம் சொன்னாவாம். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று எத்தனையோ வருடம் உங்களில் கோபமாக இருந்தானாம். வளர்ந்த பிறகு கோபம் போய்விட்டது, ஆனால் கேள்வி போகவில்லை என்றான்.

நான் சொல்லிவிட்டேன் அக்கா. பள்ளிக்கூட வாசலில் ஆசிரியை அவனிடம் அம்மா எங்கே என்று கேட்டதும், பெற்றவ மேடம் பக்கத்தில் நிற்க, அவன் ஓடிப்போய் உங்கள் கையைப் பிடித்ததைச் சொன்னேன். அதன் பிறகு மேடம் சாப்பாட்டு மேசைக்கே வராமல் கிடந்ததைச் சொன்னேன். பாபா இரும்புப் பெட்டியைத் திறந்து உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்ததையும், பிள்ளை வந்த பிறகு போகிறேன், ஒருதரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நீங்கள் அந்தக் கதவடியில் இருந்து கெஞ்சினதையும் சொன்னேன். கல்யாணம் ஒன்றும் இல்லை, இன்றுவரைக்கும் இல்லை என்றும் சொன்னேன்.

அவன் மேடத்தைப் பற்றி மிகவும் கசப்பாக ஒரு சொல் சொன்னான். அதை எழுதமாட்டேன். மேடம் இப்போது நடக்க முடியாமல் அவனோடுதான் இருக்கிறாவாம். நான் உடனே, அப்படிச் சொல்லாதே, உன் அம்மா கெட்டவ இல்லை, தாங்க முடியாமல் செய்துபோட்டா, என்றேன். உங்களிடம் மறைக்கக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டான். இப்போது மேசையில் கிடக்கிற பந்தி அன்றைக்குச் சட்டமாக இருந்திருந்தால், கலா போயிருக்க மாட்டாளா என்று. போயிருப்பா, ஆனால் உன்னைப் பார்த்துவிட்டுப் போயிருப்பா என்றேன். அதற்கு மேல் அந்தப் பந்தியைப் பற்றி அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

அதன் பிறகு பேச்சுவார்த்தை இழுபட்டது. அந்த அறைக்குள் தலைவரும் மிசாரியும் சத்தம்போட்டுக் கதைத்ததைக் கேட்டேன். மற்றவர்கள் கோப்பையோடு வெளியே போய்விட்டார்கள். உனக்கு என்ன நடந்தது, நேற்றுவரைக்கும் சரியாக இருந்தாயே என்று தலைவர் கேட்டார். மிசாரி, “எங்கள் குடும்பத்து விஷயம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், நான் என் குடும்பத்தைத்தான் கதைக்கிறேன்” என்றான்.

முடிவில் கையொப்பம் வைத்தார்கள், கைகுலுக்கினார்கள், ரெலிவிஷனில் காட்டினார்கள். பாஸ்போர்ட் விஷயம் போய்விட்டது. முன்கூட்டிச் சொல்லும் முறையை இரு தரப்பும் தொடர்ந்து ஆராயும் என்று ஒரு வசனம் மட்டும் மிஞ்சியது. ஆராய்வது என்றால் என்னவென்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்த ஒரு வசனத்துக்காக அடுத்த சுற்றுக்கு மிசாரியைச் சேர்க்கவில்லை என்று மற்றவர்கள் கதைத்தார்கள். போகும்போது என்னிடம் வந்து, இவ்வளவுதான் முடிந்தது என்று மன்னிப்புக் கேட்கிறவன்போலச் சொன்னான். உங்கள் ரெலிபோன் நம்பரைக் கேட்டான். அக்காவைக் கேட்காமல் தரமாட்டேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, தன் நம்பரை என் ரெலிபோனில் பதிந்து, என்னுடையதையும் வாங்கிக்கொண்டு காரில் ஏறினான்.

கொடுக்கட்டுமா அக்கா? வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் அவன் உங்களை மறக்கவில்லை. அதை நீங்கள் அறியாமல் இருக்கக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதினேன். ஆண்டவர் உங்கள் மனத்துக்கு ஆறுதல் தரட்டும்.

உங்கள்
பிளோறா


வுப்பர்டால்,
7 டிசம்பர்

அன்பின் கலா அக்காவுக்கு,

உங்கள் கோபம் குறைந்ததோ இல்லையோ தெரியாமல் எழுதுகிறேன். முழங்காலுக்கு அந்தத் தைலம் வேலை செய்தால் சொல்லுங்கள், இன்னும் இரண்டு போத்தல் வாங்கி அனுப்பலாம். இங்கே வீதியெல்லாம் நத்தார் விளக்கு. எங்கள் கட்டடத்தில் எல்லா ஜன்னலிலும் நட்சத்திரம் தொங்குகிறது. நானும் ஒன்று வாங்கினேன், இன்னும் கட்டவில்லை.

கடிதம் கிடைத்த அன்று நீங்கள் எடுத்த ரெலிபோன் கோல் இன்னும் காதுக்குள் நிற்கிறது. “மேடத்துக்கு வக்காலத்து வாங்கத்தான் உன்னை ஜேர்மனியிலை விட்டிருக்கோ? நான் அந்தக் கதவடியிலை கிடந்து அழேக்கை நீயும் பாத்துக்கொண்டுதானே நிண்டனி!” என்று கேட்டீர்கள். பதில் சொல்ல வாய் எடுக்க முதல் வைத்துவிட்டீர்கள். பிறகு எத்தனையோ தரம் எடுத்துப் பார்த்தேன். நவரத்தினம் தம்பிதான் எடுத்து, “அக்கா கதைக்கிற நிலையிலை இல்லை, கொஞ்சம் விடுங்கோ” என்றார்.

ஓம், பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என்னுடைய பாஸ்போர்ட்டும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. மேடத்தைப் பற்றி நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். யாருக்கும் சொல்லாத விஷயம் இது.

சித்திரையில் லக்ஸனுக்குக் குடல்வால் ஒப்பரேஷன் நடந்தது. நான் ரெயினில் ஸ்ருட்காட் போய்ச் சேர முதலே முடிந்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவருக்கு நன்றி. நான் போனபோது யூலியா வாசலில் நின்று என்னைக் கட்டிப்பிடித்தாள். நல்ல பிள்ளை அவள், மனதில் ஒன்றும் வைத்துக் கதைக்கத் தெரியாது. மயக்கம் தெளியும்போது லக்ஸன் ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதானாம். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டாள். அவள் வாயில் அது ஒழுங்காக வரவில்லை. ஆனால் எனக்கு விளங்கியது. சின்னம்மா.

என் தங்கச்சிதான் அவன் கேட்ட சின்னம்மா. நான் பாபா வீட்டில் சமைத்த காலம் முழுக்க அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, கோயிலில் முதல் நன்மை வாங்க வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டவள் அவள். மீசை அரும்புகிற வயதில்தான் அவனை இங்கே கூப்பிட்டு எடுத்தோம். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும், “வணக்கம் அம்மா” என்றான். இன்றைக்கும் அந்த மரியாதைக்குக் குறைவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மன்னாருக்குக் கோல் எடுத்து அவளோடு சிரித்துக் கதைப்பான். எனக்குப் போட்டோ வரும்.

யூலியாவிடம், அம்மா என்றுதான் அர்த்தம் என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை.

திரும்பி வந்த பிறகு தங்கச்சியின் கோலை நான் எடுக்கவில்லை. அவள் பயந்துபோய், அக்காவுக்கு என்ன, அக்காவுக்கு என்ன என்று ஊரெல்லாம் விசாரித்தாள். என் பிள்ளையை வளர்த்துத் தந்தவள் அக்கா! எனக்கு அவளை எங்கேயும் அனுப்ப வழி இருக்கவில்லை. கையில் ரிக்கெற் இல்லை, அவளுடைய பாஸ்போர்ட்டும் என்னிடம் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அன்றைக்குத்தான் மேடம் சாப்பிடாமல் கிடந்தது நினைவுக்கு வந்தது. அவ செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குச் செய்தது பாவம்தான். ஆனால் மிசாரி அந்தச் சொல்லைச் சொன்னபோது, அது மேடத்தில் படவில்லை அக்கா. எனக்குத்தான் பட்டது.

இதைத்தான் அன்று சொல்ல வந்தேன்.

பிறகு எத்தனையோ நாள் கழித்து, நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்கள் மெசேஜ் வந்தது. நம்பரைக் குடு. அவ்வளவுதான், என் பெயர்கூட இல்லை. அந்த நிமிடமே உங்கள் நம்பரை மிசாரிக்கு அனுப்பினேன். பஸ் போய்விட்டது.

அன்றே அவன் உங்களோடு கதைத்ததாக நவரத்தினம் தம்பி சொன்னார். நீங்கள் வளவுக்குள் நடந்து நடந்து கதைத்தீர்களாம். முழங்கால் நோவும் தெரியவில்லையாம். தமிழில் திட்டியும் விட்டீர்களாம், ஏன்ரா இப்படி மெலிஞ்சுபோனாய், அந்த வீட்டிலை சாப்பாடு இல்லையோ என்று. கேட்டு நான் வேலையிடத்திலேயே சிரித்துவிட்டேன். மேற்பார்வைப் பெண் ஏன் என்று கேட்டாள். எங்கே தொடங்கிச் சொல்வது என்று தெரியாமல் ஒன்றுமில்லை என்றேன்.

முந்தி ஒவ்வொரு வெள்ளியும் மிசாரி எனக்குக் கோல் எடுத்து, கலா என்ன சொன்னா, கோபம் ஆறிவிட்டதா என்று கேட்பான். நானும் அவனுக்கு ஏதாவது ஆறுதல் சொல்வேன். வேலை எப்படி, அம்மா எப்படி என்று கொஞ்சம் கதைப்போம். இப்போது எடுப்பதில்லை. அதுதான் சரி. நம்பர் கிடைத்துவிட்டது, இனி என்னிடம் கேட்க என்ன இருக்கிறது? அடுத்த வருடம் உங்களைப் பார்க்க மன்னாருக்கு வரப் போகிறானாம். அதையும் தம்பிதான் சொன்னார். வந்தால் மீனைக் குழம்பாக வைக்காமல் பொரித்துக் கொடுங்கள். சின்னதில் குழம்பு மீன் தொடமாட்டான். உங்களுக்கு நினைவிருக்காது, தட்டு திரும்பி வந்தது என்னிடம்தானே.

பேச்சுவார்த்தையின் அடுத்த சுற்று தை மாதம் வேறு நாட்டில் என்று ரெலிவிஷனில் சொன்னார்கள். அந்த ஒரு வசனத்தை யார் ஆராய்கிறார்களோ தெரியாது. ஹோட்டல் பழையபடி ஆகிவிட்டது. நான் திரும்பவும் காலைச் சாப்பாட்டுப் பகுதியில் முட்டை அவிக்கிறேன். அரபு கதைக்க ஆள் இல்லை. ஞாயிறு பூசைக்குப் போகாவிட்டால் தமிழுக்கும் ஆள் இல்லை.

நத்தாருக்கு லக்ஸன் யூலியாவின் தாய் தகப்பனிடம் போகிறான். என்னையும் வரச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தங்கச்சியோடு இப்போது கதைக்கிறேன், பயப்பட வேண்டாம்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும் அக்கா. உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். அவனோடு கதைத்து முடிந்த ஒரு நாளில், நேரம் இருந்தால் எனக்கும் ஒரு கோல் எடுங்கள். என்ன கதைத்தீர்கள் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. கோபம் ஆறாவிட்டால் ஏசுவதற்காவது எடுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

என்றும் உங்கள்
பிளோறா